இடக்கைக்காரருக்கான மடக்குக் கத்தி: தேர்வு முதல் பராமரிப்பு வரை முழுமையான வழிகாட்டி

மடக்குக் கத்தி வாங்கும் இடக்கைக்காரர் பெரும்பாலும் அதைத் திறந்து பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுத்துவிடுகிறார். கடைக்காரரும் திறந்துதான் காட்டுகிறார். மூடிப் பார்த்து வாங்குங்கள் என்பதே நான் இங்கே அழுத்திச் சொல்ல வருவது. திறக்கும்போது அலகு விரல்களை விட்டு விலகிப் போகிறது. மூடும்போது விரல்களை நோக்கி வருகிறது. வலக்கைக்காகச் செய்த பூட்டை (திறந்த அலகு மடங்காமல் நிறுத்தும் அமைப்பை) இடக்கையால் விடுவிக்கும் நேரத்தில் எந்த விரல் எங்கே நிற்கிறது என்பதுதான் அந்தக் கத்தி உங்களுக்கு உகந்ததா என்பதைத் தீர்மானிக்கும்.

ஏறத்தாழ பத்துப் பேரில் ஒருவர் இடக்கைக்காரர். குமரி மாவட்டத்தில் மடக்குக் கத்தி அன்றாடப் பொருள். தோவாளையில் பூத்தொடுப்பவர் நார் அறுக்கிறார். குளச்சலிலும் முட்டத்திலும் கடலுக்குப் போகிறவர் கயிறு அறுக்கிறார். குலசேகரம், அருமனைப் பக்கம் தோட்ட வேலைக்குப் போகிறவர் சாரத்தின் (லுங்கியின்) மடியில் செருகிக்கொள்கிறார். வீட்டில் மரச்சீனிக் கிழங்கின் தோலைக் கீறி உரிக்கவும் அதுவே எடுபடுகிறது. இத்தனை பேரில் இடக்கைக்காரராக இருப்பவர்கள் எல்லோரும் வலக்கைக் கத்தியோடு மல்லுக்கட்டிப் பழகிவிட்டவர்கள். அந்தப் பாடு தேவையே இல்லை. எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று தெரிந்தால், சாதாரண விலைக்கே இடக்கைக்கு இசைந்த கத்தி கிடைக்கும்.

படி 1: கத்தியின் இடமும் வலமும்

கத்தியைத் திறந்து, வாய் (வெட்டும் விளிம்பு) தரையைப் பார்க்க, நுனி உங்களுக்கு எதிர்ப்புறம் நீளும்படி பிடியுங்கள். இப்போது உங்களுக்கு இடப்புறம் தெரிவது கத்தியின் இடமுகம். வலப்புறம் இருப்பது வலமுகம். இந்த நிலையில் வலக்கையால் பிடித்தால் பெருவிரல் இடமுகத்தில் படியும். உள்ளங்கை வலமுகத்தை அணைத்துக்கொள்ளும். இடக்கைக்கு மாற்றிப் பிடியுங்கள். பெருவிரல் வலமுகத்துக்கும் உள்ளங்கை இடமுகத்துக்கும் போய்விடும்.

இதை மனதில் வாங்கிக்கொண்டால் மற்ற எல்லாம் தானாக விளங்கும். நகப்பள்ளம் (நகத்தால் இழுக்க அலகில் வெட்டிய கீற்று), பெருவிரல் குமிழ் (பெருவிரலால் தள்ளித் திறக்க அலகில் வைத்த மேடு), பூட்டுத் தகடு, கிளிப் (பையில் மாட்டும் கொக்கி) ஆகிய நான்கையும் வலக்கைப் பெருவிரல் எங்கே படியும் என்று கணக்கிட்டுத்தான் வைத்திருக்கிறார்கள். முழு இடக்கைக் கத்தி என்றால் இந்த நான்கும் இடவலம் மாறியிருக்க வேண்டும். ஒன்றிரண்டை மட்டும் மாற்றிவிட்டு “இடக்கைக்கும் ஏற்றது” என்று பெட்டியில் அச்சடிப்பவர்களும் உண்டு. அந்த வாசகத்தை நம்பி வாங்க வேண்டாம்.

படி 2: உங்கள் கை எது?

நம் பக்கத்தில் இடக்கைக்காரர் என்றால் எல்லா வேலையும் இடக்கையில் நடக்கிறது என்று பொருளில்லை. உண்பதும் கொடுப்பதும் வாங்குவதும் வலக்கையில்தான் என்று சிறுவயதிலேயே பழக்கிவிடுகிறார்கள். பலருக்கு எழுத்தும் வலக்கைக்கு மாற்றப்பட்டிருக்கும். அரிவாள் பிடிக்கும்போதும் பந்து எறியும்போதும் மட்டும் இடக்கை தலையெடுக்கும். ஆகவே கத்தி வாங்கும் முன், வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு சிறு கத்தியை எடுத்து மூன்று வேலை செய்து பாருங்கள்: ஒரு குச்சியைச் சீவுங்கள், ஒரு பழத்தை நறுக்குங்கள், ஒரு கயிற்றை அறுங்கள். மூன்றிலும் கத்தி எந்தக் கைக்குப் போகிறது என்று கவனியுங்கள். சீவுவது இடக்கையிலும் மற்றவை வலக்கையிலும் என்றால், உங்களுக்கு இருகைக்கும் பொதுவான கத்தி போதும். மூன்றும் இடக்கை என்றால் தொடர்ந்து படியுங்கள்.

இடக்கையில் கத்தி பிடிப்பதில் நம் வழக்கத்துக்கு ஒத்துப்போகும் ஒரு வசதியும் இருக்கிறது. செங்கவருக்கை மாம்பழத்தை இடக்கைக்காரர் நறுக்கும்போது துண்டு வலக்கையில் நிற்கிறது. அப்படியே வலக்கையால் எடுத்துக் கொடுத்துவிடலாம். வலக்கைக்காரர் ஒவ்வொரு துண்டுக்கும் கத்தியைக் கீழே வைக்க வேண்டும். “இடக்கையில் கத்தி பிடிக்காதே” என்று பிள்ளைகளை அதட்டும் பெரியவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். பழகாத கையில் கத்தி இருப்பதுதான் ஆபத்து.

படி 3: திறக்கும் முறையைப் பாருங்கள்

பழைய பாணிக் கத்தியின் அலகில், முதுகை ஒட்டிப் பிறைபோன்ற ஒரு கீற்று இருக்கும். அதுதான் நகப்பள்ளம். வலக்கைக்காரர் பிடியை இடக்கையில் வைத்துக்கொண்டு வலது பெருவிரல் நகத்தை அதில் கொடுத்து இழுப்பார். அதனால் பள்ளம் இடமுகத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. நீங்கள் இடது பெருவிரலால் இழுக்கப் போனால் அந்த முகம் வழவழவென்று இருக்கும். பள்ளம் மறுபுறம் ஆள்காட்டி விரலின் பக்கம் போய்விடும். ஆள்காட்டி விரல் நகத்தாலும் இழுக்கலாம்தான். ஆனால் புதுக் கத்தியின் ஸ்பிரிங் இறுக்கமாக இருக்கும், நகம் பிய்ந்துபோகும்.

இதற்கு மூன்று வழி இருக்கிறது. இருமுகத்திலும் பள்ளம் வெட்டிய கத்தி கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம். பிடியின் விளிம்பில் அரைவட்டமாக ஒரு வெட்டு இருந்து, அலகை இரு விரலால் கிள்ளி எடுக்க முடிந்தால் அது இன்னும் நல்லது; எந்தக் கைக்கும் பேதமில்லை. மூன்றாவது, இடக்கைக்கென்றே செய்தது. பிரான்சின் ஓபினல் நிறுவனம் தன் 8-ஆம் எண் கத்தியை வலமுகத்தில் நகப்பள்ளம் வைத்து இடக்கைக்காரருக்காகச் செய்கிறது. சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸும் இடக்கை மாடல்கள் சிலவற்றைச் செய்திருக்கிறது.

ஒரே கையால் திறக்கும் கத்திகளில் பெருவிரல் குமிழ் இருந்தால், அது இருபுறமும் இருக்கிறதா என்று பாருங்கள். இடமுகத்தில் மட்டும் குமிழ் வைத்த மலிவுக் கத்திகள் நிறைய வருகின்றன. குமிழுக்குப் பதிலாக அலகிலேயே வட்டத் துளை வைக்கும் முறையை 1981-இல் அமெரிக்காவின் ஸ்பைடர்கோ நிறுவனம் கொண்டுவந்தது. துளை என்பது இருமுகத்துக்கும் பொது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான்: உடையவோ கழலவோ எதுவும் இல்லை, ஈரக்கையிலும் பிடிகிடைக்கிறது. முதுகுப்பக்கம் சிறு மேடாக நீட்டிக்கொண்டிருக்கும் ஃப்ளிப்பரும் இருகைக்கும் பொதுவே; ஆள்காட்டி விரலால் அழுத்தினால் அலகு வெளியே வரும். ஆனால் பிடிச்சட்டமே பூட்டாக இருக்கும் கத்திகளில் இடக்கைப் பெருவிரல் பூட்டுச் சட்டத்தின்மேல் போய்ப் படியும். அழுத்தம் கூடினால் அலகு வெளியே வர அடம்பிடிக்கும்.

ஒருகைத் திறப்பு தேவையா என்பது உங்கள் வேலையைப் பொறுத்தது. வள்ளத்தில் நிற்பவருக்கு ஒரு கை எப்போதும் கயிற்றிலோ வலையிலோ இருக்கும். அவருக்குக் கட்டாயம் வேண்டும். திண்ணையில் உட்கார்ந்து கிழங்கு உரிப்பவருக்கு நகப்பள்ளமே போதும்.

படி 4: பூட்டு

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். முடிந்தால் கையில் ஒரு கத்தியை வைத்துக்கொண்டு படியுங்கள்.

கடைகளில் இன்று அதிகம் தொங்குவது லைனர் லாக் என்னும் பூட்டு. இன்றைய வடிவில் அதை 1980-களின் தொடக்கத்தில் செய்தவர் அமெரிக்கக் கத்திக் கலைஞர் மைக்கேல் வாக்கர். பிடியின் உள்ளே, வலப்புறத்தில், மெல்லிய உலோகத் தகடு ஒன்று இருக்கும். அலகு முழுதும் திறந்ததும் அந்தத் தகடு இடப்புறமாக நகர்ந்து, அலகின் அடிக்கட்டைக்குப் பின்னால் முட்டுக்கொடுத்து நிற்கும். வலக்கைப் பெருவிரல் இடமுகத்திலிருந்து எட்டி, தகட்டை வலப்புறமாகத் தள்ளினால் பூட்டு விடும். பெருவிரல் எட்டுவதற்காகவே இடமுகத்துப் பிடியில் ஒரு சிறு வெட்டு விட்டிருப்பார்கள். வலக்கைக்கு இது மிக இயல்பான அசைவு.

இப்போது கத்தியை இடக்கைக்கு மாற்றுங்கள். பெருவிரல் தகட்டின் மறுபுறம் நிற்கிறது. தள்ள வழியில்லை, தகட்டின் விளிம்பில் நகநுனியைக் கோர்த்துத் தன் பக்கம் இழுக்க வேண்டும். அந்தப் பக்கத்துப் பிடியில் வெட்டும் இல்லாததால் நகம் வழுக்குகிறது. சலித்துப்போய் ஆள்காட்டி விரலைப் பிடியின் அடிக்குக் கொண்டுவந்து தள்ளுகிறோம். தகடு விடுபடுகிறது. அந்தக் கணத்தில் ஆள்காட்டி விரலின் நுனி எங்கே இருக்கிறது பாருங்கள்: அலகு மடங்கி வந்து விழும் பள்ளத்துக்கு நேர் எதிரே, வாயின் பாதையில்.

இன்னொன்றும் இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. இடக்கையால் பிடியை இறுக்கும்போது நான்கு விரல்களின் நுனிகளும் பிடியின் அடியைச் சுற்றி இடமிருந்து வலமாக அழுத்துகின்றன. லைனர் தகடு விடுபடுவதும் இடமிருந்து வலமாகத்தான். தகட்டின் விளிம்பு கொஞ்சம் துருத்திக்கொண்டிருக்கும் கத்தியாக இருந்து, நீங்கள் காய்ந்த கயிற்றை முறுக்கி அறுக்கும் வேகத்தில் பிடியை நெரித்தால், உங்கள் விரலே பூட்டைத் தள்ளிவிடக்கூடும். வலக்கைக்காரருக்கு இந்த ஆபத்து குறைவு, அவருடைய விரல்கள் எதிர்த்திசையில் அழுத்துகின்றன. ஆகவே கடுமையான வேலைக்கு வலக்கை லைனர் லாக் கத்தியை இடக்கையில் பிடிக்காதீர்கள் என்று உறுதியாகச் சொல்வேன். பழம் நறுக்க, உறை பிரிக்க என்றால் பாதகமில்லை.

ஃப்ரேம் லாக் என்பது இதே தத்துவம். தனித் தகட்டுக்குப் பதில் வலமுகத்துப் பிடிச்சட்டமே வளைந்து முட்டுக்கொடுக்கும். விடுவிக்கும் திசையும் சிக்கலும் அதேதான். இதைப் புகழ்பெறச் செய்த கிரிஸ் ரீவ் நிறுவனம் தன் செபென்சா கத்தியை முழு இடக்கை வடிவிலும் விற்கிறது. விலை மிக அதிகம். ஆசைக்கு வாங்குபவருக்கு உரியது.

இடக்கைக்காரருக்கு என் முதல் தேர்வு பேக் லாக். பூட்டு பிடியின் முதுகுக்கோட்டில், நட்டநடுவில் இருக்கிறது. அதற்கு இடமும் இல்லை, வலமும் இல்லை. முதுகில் தெரியும் சட்டத்தைப் பெருவிரலால் அழுத்தினால் அலகு தளரும். மற்றக் கையால் முதுகைப் பிடித்து மடக்கலாம். 1960-களில் வந்த பக் 110 கத்தி இந்தப் பூட்டை உலகெங்கும் பரப்பியது. கோல்ட் ஸ்டீல் நிறுவனத்தின் டிரை-ஆட் பூட்டு இதையே இன்னும் வலுவாக்கிய வகை. ஸ்பைடர்கோவின் டெலிகா, என்டூரா இரண்டும் பேக் லாக், வட்டத் துளை, நான்கு இடத்திலும் மாற்றக்கூடிய கிளிப் ஆகிய மூன்றும் சேர்ந்தவை. அதனால் இடக்கைக்கென்று தனி மாடல் தேடவே வேண்டியதில்லை. ஒரு குறை: ஒருகையால் மூடும்போது அலகு சட்டென்று விழும். இரு கையாலும் மூடப் பழகுங்கள்.

அடுத்து ஆக்சிஸ் லாக். 1998-இல் பெஞ்ச்மேட் நிறுவனம் கொண்டுவந்தது. பிடியைக் குறுக்காகத் துளைத்துச் செல்லும் ஒரு சிறு கம்பி அலகைப் பூட்டி நிற்கிறது. கம்பியின் இரு நுனியும் இரு முகத்திலும் வெளியே தெரியும். பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இரண்டு நுனியையும் பின்னுக்கு இழுத்தால் அலகு தானே மடங்கும். விரல் எதுவும் வாயின் பாதையில் வருவதில்லை. மூடும்போது எனக்கு முழு நிம்மதி தருவது இந்தப் பூட்டுதான். இதே தத்துவத்தில் இன்று வேறு நிறுவனங்களும் குறைந்த விலையில் செய்கின்றன. கடையில் ‘கிராஸ்பார் லாக்’ என்று கேளுங்கள்.

ஓபினலில் இருப்பது சுழலும் வளையம். 1955 முதல் அந்தக் கத்திகளில் இருக்கிறது. வளையத்தைத் திருப்பினால் பூட்டு, எதிர்த்திசையில் திருப்பினால் விடுதலை. எந்தக் கைக்கும் சரி. பொத்தான் பூட்டு இடமுகத்தில் இருக்கும். இடக்கை ஆள்காட்டி விரல் அங்கே இயல்பாகவே படிவதால் சமாளித்துவிடலாம். ஸ்பைடர்கோவின் கம்ப்ரெஷன் லாக் வலக்கை ஆள்காட்டி விரலுக்காகச் செய்தது. ஆனால் முதுகுப்பக்கம் இருப்பதால் இடக்கைப் பெருவிரலுக்கும் எட்டுகிறது, வாயின் பாதையில் விரலும் இல்லை. பூட்டே இல்லாத ஸ்லிப் ஜாயின்ட் கத்திகளில் கைப்பேதம் நகப்பள்ளத்தோடு முடிந்துவிடுகிறது.

படி 5: கிளிப்பும் பையும்

கிளிப் எந்தப் பக்கம் இருக்கிறதோ, கத்தி அந்தப் பக்கத்துப் பைக்கு உரியது. வலக்கைக் கத்தியின் கிளிப் வலமுகத்தில் இருக்கும். அதை இடப்பக்கப் பையில் செருகினால், எடுக்கும்போது அலகின் முதுகும் வாயும் தவறான பக்கம் திரும்பியிருக்கும். கைக்குள் ஒருமுறை சுழற்றிப் பிடிக்க வேண்டிவரும். பிடியின் இருமுகத்திலும் திருகுத் துளைகள் இருந்தால் கிளிப்பை மாற்றிவிடலாம். நான்கு ஜோடித் துளை இருப்பது உத்தமம்: இட, வல முகங்கள், நுனி மேலாக, நுனி கீழாக. கடையில் பார்க்கும்போது கிளிப்பைத் தவிர மற்ற இடங்களிலும் துளை தெரிகிறதா என்று ஒரு பார்வை பாருங்கள்.

நுனி மேலாகச் செருகும் முறையில், அலகின் முதுகு பையின் பின்தையலை ஒட்டியிருக்கிறதா என்பதைப் பாருங்கள். அப்படி இருந்தால் தவறித் திறக்க வாய்ப்பில்லை. சாரம் கட்டுகிறவர்களுக்குக் கிளிப்பால் பயனில்லை. மடியில் செருகும்போது இழுபட்டுத் துணியைக் கிழிக்கும். கழற்றிவிட்டு, பிடியின் முனைத் துளையில் ஒரு கயிறு கோர்த்துக்கொள்ளுங்கள். சட்டைப் பை இருப்பதோ இட மார்பில். வலக்கை எளிதாகப் போகும் இடம் அது. இடக்கைக்கு மணிக்கட்டை முறுக்க வேண்டும். குனியும்போது விழுந்துவிடும் என்பதாலும் கத்திக்கு அது ஏற்ற இடமில்லை.

படி 6: வாயின் சாய்வு

பெரும்பாலான மடக்குக் கத்திகள் இருமுகமும் சமமாகத் தீட்டப்பட்டவை. அவற்றில் இடவலப் பேதம் இல்லை. ஒருமுகம் மட்டும் தீட்டிய உளிவாய்க் கத்தி என்றால் பேதம் பெரிது. சாய்வு இருக்கும் பக்கம் அலகைத் தள்ளிவிடுவதால் வெட்டு தட்டையான முகத்தை நோக்கி விலகிப் போகும். இடக்கைக்காரருக்குச் சாய்வு இடமுகத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் சீவும் துண்டு வெளிப்புறமாக விழும், வெட்டும் கண்ணுக்குத் தெரியும். பல்வாய்க் கத்திகளில் பற்கள் ஒருமுகத்தில் மட்டுமே குடையப்பட்டிருக்கும். எந்த முகம் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். நைலான் கயிறு அறுக்கப் பல்வாய் கேட்பவர்கள், குடைவு இடமுகத்தில் இருப்பதாகப் பார்த்து எடுத்தால் கயிறு நேராக அறுபடும்.

ரப்பர் வெட்டுகிறவர்கள் இதைக் கேட்டதும் தலையசைப்பார்கள். மரத்தில் பால்வெட்டு எப்போதும் இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து போகிறது. ஒட்டுக்கன்று மரத்தில் 30 பாகைச் சரிவு. பட்டைக்குள் பால்குழல்கள் செங்குத்தாக இல்லாமல், கீழிருந்து மேலே போகப்போக வலப்புறமாகச் சற்றே சாய்ந்து ஏறுகின்றன. இடமிருந்து வலமாகச் சரிந்தால்தான் அதிகக் குழல்கள் அறுபடும். இடக்கைக்காரருக்கு வசதியாகச் சரிவைத் திருப்பினால் பால் குறைந்துபோகும். அங்கே மரத்தின் அமைப்பே கையை வளைக்கிறது. நாமும் வளைய வேண்டியதுதான். மடக்குக் கத்திக்கு அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. செய்பவர்களின் வழக்கம்தான் நம்மை வலக்கைக்குத் தள்ளுகிறது. அதனால்தான் கேட்டு வாங்குங்கள் என்கிறேன்.

பல கருவிகள் மடங்கியிருக்கும் கத்தியில் டின் திறப்பான், தக்கை எடுக்கும் திருகு, கத்தரி ஆகியவையும் வலக்கைக்கானவை. அவற்றை நீங்கள் அடிக்கடி பயன்படுத்துவதில்லை என்றால் இதற்காகத் தனியாகக் கவலைப்பட வேண்டாம்.

படி 7: கடையில் செய்ய வேண்டிய சோதனை

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ கடைக்குப் போகும்போது இதைச் செய்யுங்கள். அவசரப்படுத்தினால் வேறு கடைக்குப் போங்கள்.

கத்தியை இடக்கையில் வாங்கி, வலக்கையின் உதவி இல்லாமல் திறக்க முயலுங்கள். நகப்பள்ளக் கத்தி என்றால் வலக்கையில் பிடியைப் பிடித்து, இடது பெருவிரலால் திறந்து பாருங்கள். திறந்ததும் பிடியை நன்றாக இறுக்கி, பூட்டுத் தகடு ஏதாவது விரல்நுனியில் உறுத்துகிறதா என்று உணருங்கள். உறுத்தினால் அங்கேயே வைத்துவிடுங்கள்.

அடுத்து மூடுங்கள், மிக மெதுவாக. பூட்டு விடுபடும் கணத்தில் அப்படியே நிறுத்திவிட்டு விரல்களைப் பாருங்கள். ஏதாவது ஒரு விரல் வாயின் பாதையில் இருந்தால், வேறு விதமாகப் பிடித்து இன்னொருமுறை முயலுங்கள். அப்போதும் வந்தால் அது உங்கள் கத்தி இல்லை. பிறகு, பூட்டிய நிலையில் அலகை மேலும் கீழும் பக்கவாட்டிலும் மெல்ல அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருக்கக்கூடாது. கன்னியாகுமரிக் கடற்கரைக் கடைகளில் சாவிக்கொத்தோடு தொங்கும் சிறு கத்திகளில் பலவும் இந்தக் கடைசிச் சோதனையில் தோற்றுவிடும். உறை பிரிக்க மட்டும் அவை உதவும்.

இணையத்தில் வாங்குவதானால் படத்தைப் பெரிதாக்கி மூன்றைப் பாருங்கள்: குமிழ் இருபுறமும் உண்டா, மறுமுகத்தில் கிளிப்புக்குத் துளை உண்டா, பூட்டு எந்த வகை. மூன்றில் பூட்டு மட்டும் தெளிவாகத் தெரியவில்லை என்றாலும் வாங்க வேண்டாம்.

படி 8: வலக்கைக் கத்திதான் கையில் இருக்கிறது என்றால்

பரிசாக வந்ததோ, அப்பா வைத்திருந்ததோ, தூக்கி எறிய மனம் வராது. சில மாற்றங்கள் செய்யலாம். குமிழ் திருகு வகையாக இருந்தால் கழற்றி வலமுகத்துக்கு மாற்றலாம். கிளிப்பை மாற்றலாம், அல்லது கழற்றிவிடலாம். லைனர் லாக் கத்தியில் வலமுகத்துப் பிடி பிளாஸ்டிக்காகவோ மரமாகவோ இருந்தால், இடமுகத்தில் இருப்பதுபோன்ற வெட்டை அரத்தால் மெல்ல எடுத்து, உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் பெருவிரல் நகம் தகட்டைப் பிடிக்க இடம் கிடைக்கும். பிடியைக் கழற்றிவைத்துத்தான் அரம் போட வேண்டும். அரத்தூள் அலகு திரும்பும் அச்சுக்குள் போகக்கூடாது. பூட்டுத் தகட்டை மட்டும் தொடவே தொடாதீர்கள். அதை ஒரு மயிரிழை தேய்த்தாலும் முட்டுக்கொடுக்கும் இடம் மாறிவிடும்.

மூடுவதற்கு நான் சொல்லும் முறை எளிது. வேலை முடிந்ததும் கத்தியை வலக்கைக்கு மாற்றுங்கள். வலது பெருவிரலால் தகட்டைத் தள்ளுங்கள். இடக்கையின் விரல்களால் அலகின் முதுகைப் பிடித்துக் கால்பங்கு மடக்குங்கள். பெருவிரலை எடுத்துவிடுங்கள். பிறகு இடது உள்ளங்கையால் முதுகை அழுத்தி முழுதும் மடக்குங்கள். வெட்டுவது இடக்கை, மூடுவது இரு கை. இதைப் பழக்கமாக்கிக்கொண்டால் வலக்கை லைனர் லாக்கும் வீட்டு வேலைக்குப் பாதுகாப்பாக உழைக்கும். பழகும்போது வாயின்மேல் காகித ஒட்டுத்தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள்.

படி 9: வேலைக்கு ஏற்றபடி எது?

கடலுக்குப் போகிறவருக்கு: துளை வைத்த பேக் லாக், மொட்டை நுனி, பல்வாய் அல்லது பாதிப் பல்வாய், துருப்பிடிக்காத இரும்பு. ஸ்பைடர்கோவின் சால்ட் வரிசையில் பயன்பட்ட ஹெச்-1 இரும்பு உப்புநீரை மிக நன்றாகத் தாங்கும். மொட்டை நுனி ஏன் என்றால், ஆடும் படகில் கூர்நுனி யார் மீதும் குத்தலாம். தோட்ட வேலைக்கு: பேக் லாக் அல்லது ஆக்சிஸ் வகை, சாதா வாய், விரல் நீள அலகு. வீட்டுக்கும் பூ வேலைக்கும்: இடக்கை ஓபினல் கிடைத்தால் அதைவிடத் தோதானது இல்லை. மெல்லிய அலகு, கிழங்குத் தோலுக்குள் தடையின்றி இறங்கும்.

பிள்ளைக்கு முதல் கத்தி என்றால், வளையப் பூட்டு உள்ள, நுனி உருண்ட ஒன்றை வாங்கிக் கொடுங்கள். எந்தக் கையில் பிடிக்க வேண்டும் என்று சொல்லாமல், மேசையில் வைத்து எடுக்கச் சொல்லுங்கள்.

படி 10: உப்புக்காற்று, இரண்டு மழைக்காலம், சக்கைப் (பலா) பால்

தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் நம்முடையது. கடலும் ஒட்டியே இருக்கிறது. மரப்பிடிக் கத்தி மழைக்காலத்தில் ஊதிக்கொள்ளும். ஓபினலின் பீச் மரப்பிடி இதற்குப் பேர்போனது. அலகு பிடிக்குள் இறுகி, நகத்தால் இழுக்க முடியாமல் போகும். இடக்கைக்காரர் ஆள்காட்டி விரல் நகத்தால் இழுக்கும்போது இது இரட்டை வேதனை. வெயில் காலத்திலேயே பிடியின் பிளவுக்குள் ஆளிவிதை எண்ணெய் தடவிக் காயவைத்துவிட்டால் ஊதுவது குறையும். கார்பன் இரும்பு அருமையான கூர் பிடிக்கும், ஆனால் கடற்கரை ஊர்களில் ஒரே இரவில் துரு படரும். அங்கே வசிப்பவர்கள் இனாக்ஸ் என்று பொறித்த துருப்பிடிக்காத வகையையே எடுங்கள்.

சக்கை வெட்டினால் பால் அச்சுக்குள் இறங்கிப் பிசினாக இறுகும். வெட்டுமுன் அலகிலும் அச்சிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், கையிலும்தான். வேலை முடிந்ததும் அதே எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்து, பிறகு சோப்புநீரில் கழுவி, நன்றாக உலர்த்துங்கள். நிரந்தரமாக அச்சில் விட்டுவைக்கத் தேங்காய் எண்ணெய் ஏற்றதில்லை, நாளடைவில் பிசுபிசுத்துத் தூசி பிடிக்கும். ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் போதும். பூட்டுத் தகடு முட்டும் முகத்தில் மட்டும் எண்ணெய் படாமல் துடைத்துவிடுங்கள். வழுக்கினால் பூட்டு பலவீனமாகும்.

தீட்டும்போது இடக்கைக்காரர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கல்லில் நாம் எந்த முகத்தை முதலில், அதிக அழுத்தத்தோடு தேய்க்கிறோமோ அந்தப் பக்கம் சாய்வு கூடிவிடும். வலக்கைக்காரரும் நீங்களும் ஒரே கத்தியை மாறி மாறித் தீட்டினால் வாய் கோணிப்போகும். உங்கள் கத்தியை நீங்களே தீட்டுங்கள். ஒரு முகத்தில் எத்தனை இழுப்போ மறுமுகத்திலும் அத்தனை என்று எண்ணிச் செய்யுங்கள். சுழலும் இயந்திரச் சாணையில் கொடுத்தால் சூட்டில் மெல்லிய அலகின் பதம் போய்விடும். பிறகு எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது.

படி 11: சட்டமும் பயணமும்

ஆயுதச் சட்டத்தின் கீழ் வரும் விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு கொண்ட கத்திகளை ஆயுத வகையில் வைக்கின்றன. வீட்டுக்கும் வேளாண்மைக்கும் தொழிலுக்கும் செய்தவற்றுக்கு அதில் விலக்கு உண்டு. இந்த வழிகாட்டியில் சொன்ன மடக்குக் கத்திகள் எல்லாம் அந்த அளவை எட்டாதவை. ஆனாலும் நீதிமன்றம், அரசு அலுவலகம், திருவிழாக் கூட்டம், தேர்தல் நேரத்துச் சோதனை போன்ற இடங்களில் பையில் கத்தி இருப்பது வீண் விளக்கங்களுக்கு இழுக்கும். அன்றைக்கு வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். பொத்தானைத் தொட்டதும் ஸ்பிரிங்கால் அலகு பாய்ந்து வெளிவரும் கத்தியை வாங்காமல் இருப்பதே நல்லது. மேலே சொன்ன எந்த வேலைக்கும் அது தேவையில்லை.

திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுகிறவர்கள் கத்தியைக் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் இழந்துவிடுவீர்கள். சரக்கில் போகும் பெட்டியில், அலகை மடக்கி, துணியில் சுற்றி வையுங்கள்.